உள்ளூர் போலீஸ் மேல் நம்பிக்கை: வயதையும் நிறத்தையும் பொறுத்து ஏன் இவ்வளவு மாறுகிறது?

#1 இளவழுதி (வட கரோலினா)

வணக்கம். எங்கள் ஊர் சிட்டி கவுன்சில், உள்ளூர் போலீஸைப் பற்றி மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று ஒரு கருத்துக்கணிப்பு நடத்தப் போகிறது. கேள்விகளை எழுதும் குடிமக்கள் குழுவில் நானும் இருக்கிறேன். முந்தைய கணிப்பில் பெரும்பாலோர் 'திருப்தி' என்று எழுதியிருந்தார்கள். கவுன்சிலும் சந்தோஷமாகக் கோப்பை மூடிவிட்டது. ஆனால் பதில் அனுப்பியவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பகுதி சொந்த வீட்டில் இருக்கும், அறுபதைத் தாண்டிய வெள்ளையர்கள். தபாலில் வரும் படிவத்தை உட்கார்ந்து நிரப்பி அனுப்ப அவர்களுக்குத்தான் நேரமும் பழக்கமும் இருக்கிறது. அபார்ட்மென்டில் வாடகைக்கு இருக்கும் இளைஞர்கள், ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் வாழும் கறுப்பினக் குடும்பங்கள், ஸ்பானிஷ் பேசுபவர்கள் யாரும் அதில் இல்லை என்றே சொல்லலாம்.

நாடு முழுவதற்கும் எடுத்த கணிப்புகளைப் பார்த்தால் இந்த விடுபடல் எவ்வளவு பெரியது என்று தெரியும். காலப் நிறுவனம் 1993-லிருந்து போலீஸ் மேல் எவ்வளவு நம்பிக்கை என்று கேட்டு வருகிறது. 2004-ல் 64 சதவீதம் பேர் நிறைய நம்பிக்கை இருப்பதாகச் சொன்னார்கள். ஜார்ஜ் ஃபிளாய்ட் என்ற கறுப்பினத்தவர் போலீஸ் பிடியில் கொல்லப்பட்ட 2020-ல் அது 48 ஆனது. பாதிக்குக் கீழே போனது அதுதான் முதல் தடவை. அந்த 48-ஐப் பிரித்தால் வெள்ளையரில் 56, கறுப்பினத்தவரில் 19. பிறகு 2023-ல் மொத்தம் 43 வரை இறங்கி, 2024-ல் 51-க்கு ஏறியது. வயது வாரியாகப் பார்த்தாலும் இளையவர்கள் கீழே, முதியவர்கள் மேலே.

19-ஐயும் 56-ஐயும் சேர்த்து ஒரே சராசரியாகக் கவுன்சிலிடம் கொடுத்தால் அது யாருடைய கருத்து? இங்கே அமெரிக்காவின் பல ஊர்களில் நீண்ட காலம் வாழ்ந்தவர்கள் இருக்கிறீர்கள். இந்த இடைவெளி எங்கிருந்து வருகிறது, ஒரு சிறிய ஊர் இதை எப்படிக் கேட்டுத் தெரிந்துகொள்வது என்று உங்கள் அனுபவத்திலிருந்து சொல்லுங்கள்.

#2 பழனியப்பன் (நியூஜெர்சி)

தம்பி, நல்ல வேலையில் இறங்கியிருக்கிறீர்கள். நான் 1980களில் இங்கே வந்தவன். என் தெருவில் ஒரு வீட்டில் மாரடைப்பு வந்தபோது ஆம்புலன்ஸுக்கு முன்னால் வந்து நின்றது போலீஸ் கார்தான். அந்த அதிகாரி முழங்காலில் உட்கார்ந்து நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். என் வயதுக்காரர்கள் பலருக்குப் போலீஸ் என்றால் நினைவு வருவது இப்படியான காட்சிதான்.

மத்திய நீதித்துறையின் புள்ளிவிவரப் பிரிவு எடுத்த கணக்கின்படி, 2018-ல் 16 வயதுக்கு மேற்பட்டவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் போலீஸோடு நேரடித் தொடர்பு இருந்தது. மற்ற மூன்று பேர் அந்த வருடம் போலீஸ்காரரிடம் பேசவே இல்லை. ஆனால் எல்லோருக்கும் கருத்து இருக்கிறது. அப்படியானால் அந்தக் கருத்து டிவியிலிருந்தும் செல்போன் வீடியோவிலிருந்தும் வந்ததுதானே? இளைஞர்கள் வீடியோ அதிகம் பார்க்கிறார்கள், அதனால் நம்பிக்கை குறைகிறது. நாட்டில் சுமார் 18,000 போலீஸ் துறைகள் இருக்கின்றன. எங்கோ ஓர் ஊரில் ஒருவர் செய்ததற்கு உங்கள் ஊர் போலீஸ் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

#3 சுந்தரி (செயின்ட் லூயிஸ்)

ஐயா சொல்வதை மதிக்கிறேன். ஆனால் நேரடித் தொடர்பு இல்லாதவர்களின் கருத்து வீடியோவிலிருந்து மட்டும் வருவதில்லை. அண்ணன், தம்பி, அத்தை, பக்கத்து வீட்டுப் பையன் என்று சுற்றியிருப்பவர்களுக்கு நடந்ததிலிருந்து வருகிறது. ஃபர்கூசன் எனக்குப் பக்கத்து ஊர் மாதிரி. 2014 ஆகஸ்டில் மைக்கேல் பிரவுன் என்ற கறுப்பின இளைஞர் போலீஸால் சுடப்பட்டபோது நான் இங்கேதான் இருந்தேன்.

அதற்குப் பிறகு மத்திய அரசின் நீதித்துறை 2015 மார்ச்சில் ஒரே நாளில் இரண்டு அறிக்கைகள் வெளியிட்டது. முதல் அறிக்கை, சுட்ட அதிகாரி மேல் வழக்குத் தொடர ஆதாரம் போதாது என்றது. பலர் அங்கேயே வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். இரண்டாவது அறிக்கை அந்த ஊர் போலீஸின் அன்றாட நடத்தையைப் பற்றியது. ஊரில் 67 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். 2012 முதல் 2014 வரை நிறுத்தப்பட்ட வண்டிகளில் 85 சதவீதமும், கொடுத்த டிக்கெட்டுகளில் (அபராதச் சீட்டு) 90 சதவீதமும், கைதுகளில் 93 சதவீதமும் அவர்கள் மேல். 'சாலையில் நடந்த விதம்' என்று ஒரு குற்றப்பிரிவு அங்கே இருந்தது. அதில் சிக்கியவர்களில் 95 சதவீதம் கறுப்பினத்தவர்.

ஏன் இவ்வளவு டிக்கெட்? ஊரின் வருமானத்தில் பெரிய பங்கு அதிலிருந்துதான் வந்தது. டிக்கெட் எழுதுவது கூடாவிட்டால் அடுத்த வருடம் வசூலை உயர்த்துவது கஷ்டம் என்று ஊரின் நிதி அதிகாரி போலீஸ் தலைவருக்கு எழுதியதையே அந்த அறிக்கை எடுத்துக் காட்டுகிறது. ஒரு பெண் 2007-ல் காரைத் தவறான இடத்தில் நிறுத்தினார். அபராதம் 151 டாலர். கட்ட முடியவில்லை. அபராதத்தின் மேல் அபராதம், வாரண்ட், ஆறு நாள் சிறை. ஏழு வருடத்தில் 550 டாலர் கட்டிய பிறகும் இன்னும் 541 டாலர் பாக்கி என்றது நீதிமன்றம்.

அந்தப் பெண்ணின் மகளிடமோ தங்கையிடமோ கணிப்புக்காரர் போய், 'போலீஸோடு இந்த வருடம் தொடர்பு இருந்ததா' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். ஆனால் அவர்களுக்குப் போலீஸைத் தெரியாது என்று சொல்ல முடியுமா? அந்த ஊரின் கோபம் ஒரு துப்பாக்கிச் சூட்டில் தொடங்கவில்லை. வருடக்கணக்காகச் சேர்ந்தது அன்றைக்கு வெளியே வந்தது.

#4 நிலா (பிராங்க்ஸ், நியூயார்க்)

வயதைப் பற்றி நான் சொல்லலாமா? நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் படித்தபோது என் வகுப்புப் பையன்களை வீட்டுக்குப் போகும் வழியில் நிறுத்திச் சோதிப்பது தினசரி நடந்த ஒன்று. கையை மேலே தூக்கு, பையைத் திற, பாக்கெட்டைக் காட்டு. சிலருக்கு ஒரே வாரத்தில் மறுபடியும் நடக்கும்.

நகரம் முழுக்க 2011-ல் மட்டும் 6,85,724 தடவை ஆட்களை நிறுத்தினார்கள். பத்தில் ஒன்பது பேர், கொஞ்சம் குறைய, எந்தத் தப்பும் இல்லாமல் அனுப்பி வைக்கப்பட்டார்கள். 14 முதல் 24 வயது வரையிலான கறுப்பின, லத்தீன் ஆண்கள் நகர மக்கள்தொகையில் 4.7 சதவீதம், நிறுத்தப்பட்டவர்களில் 41.6 சதவீதம். அந்த வயதில் நகரத்தில் இருந்த கறுப்பின ஆண்களின் மொத்த எண்ணிக்கையைவிட, அவர்களை நிறுத்திய தடவைகள் அதிகம். இதில் வயது வேறு, நிறம் வேறு என்று எப்படிப் பிரிப்பீர்கள்? அந்தப் பையனின் பாட்டியை யாரும் நிறுத்தவில்லை. அவனோடு படித்த வெள்ளைப் பையனையும் பெரும்பாலும் நிறுத்தவில்லை.

பழனியப்பன் ஐயா, வீடியோ பார்த்துத்தான் இளைஞர்கள் கெட்டுப்போகிறார்கள் என்று சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. அந்தப் பையன்களுக்கு வீடியோ தேவைப்படவில்லை. அவர்கள் சொன்னதைப் பெரியவர்கள் நம்புவதற்குத்தான் வீடியோ தேவைப்பட்டது.

#5 குற்றவியல் மாணவன்

இந்தத் துறையில் படிக்கிறேன், அதனால் ஆய்வுகள் பக்கம் கொஞ்சம் சேர்க்கிறேன்.

வெஸ்லி ஸ்கோகன் என்ற ஆய்வாளர் 2006-ல் ஒன்றைக் காட்டினார். போலீஸோடு ஒரு கசப்பான அனுபவம் ஏற்பட்டால், அது நம்பிக்கையைக் குறைக்கும் அளவு, நல்ல அனுபவம் அதைக் கூட்டும் அளவைப்போல் நாலு மடங்கு முதல் பதினாலு மடங்கு வரை இருக்கிறது. ஆகவே பத்து அதிகாரிகள் மரியாதையாகப் பேசினாலும் பதினோராவது ஆள் அதை அழித்துவிட முடியும். அதிகம் நிறுத்தப்படும் கூட்டத்துக்கு அந்தப் பதினோராவது ஆளைச் சந்திக்கும் வாய்ப்பும் அதிகம். இளைஞர்கள் வெளியே, இரவில், தெருவில், காரில் அதிகம் இருக்கிறார்கள். வயது இடைவெளியில் ஒரு பகுதிக்கு இதுவே காரணம்.

'எல்லாம் மனப்பிரமை' என்று யாராவது சொல்லக்கூடும் என்பதால் இன்னும் இரண்டு. ஸ்டான்ஃபோர்டில் ஒரு குழு நாடு முழுக்க ஏறக்குறைய 10 கோடி டிராஃபிக் ஸ்டாப் (போலீஸ் வண்டியை நிறுத்துவது) பதிவுகளைச் சேகரித்து 2020-ல் முடிவை வெளியிட்டது. மாலை ஏழு மணி சில மாதங்களில் வெளிச்சமாக இருக்கும், சில மாதங்களில் இருட்டிவிடும். அதே நேரத்தை எடுத்து ஒப்பிட்டார்கள். இருட்டிய பிறகு, ஓட்டுபவரின் நிறம் தெரியாதபோது, நிறுத்தப்படுபவர்களில் கறுப்பினத்தவரின் பங்கு குறைகிறது. எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவாக யாரும் இந்த விஷயத்தைக் காட்டியதில்லை.

இரண்டாவது, ஓக்லண்ட் போலீஸின் பாடி கேமரா பதிவுகள். ஒரு மாதத்தில் நடந்த 981 ஸ்டாப்புகளில் அதிகாரிகள் பேசியதை எழுத்தாக்கி ஆராய்ந்தார்கள். வெள்ளையரிடம் 'சார்', 'மேடம்', 'மன்னிக்கவும்', 'பத்திரமாக ஓட்டுங்கள்' என்ற பேச்சு அதிகம். கறுப்பின ஓட்டுநரிடம் அது குறைவு. ஸ்டாப் எதற்காக நடந்தது, எங்கே நடந்தது, அதிகாரி எந்த இனம் என்பதையெல்லாம் கணக்கில் எடுத்த பிறகும் அந்த வித்தியாசம் போகவில்லை. அடி இல்லை, துப்பாக்கி இல்லை, செய்தியில் வரவும் இல்லை. ஆனால் ஒருவர் வாழ்நாளில் இருபது தடவை நிறுத்தப்பட்டு இருபது தடவையும் இந்தக் குரலைக் கேட்டால், கணிப்பில் என்ன எழுதுவார்?

நிலா சொன்ன வயதுப் பையன்களைப் பற்றியும் ஓர் ஆய்வு உண்டு. நியூயார்க்கில் போலீஸைக் குவித்த பகுதிகளில், கறுப்பினப் பையன்களின் பள்ளித் தேர்வு மதிப்பெண் குறைந்ததை லெகேவியும் ஃபேகனும் 2019-ல் காட்டினார்கள்.

#6 பழனியப்பன் (நியூஜெர்சி)

நிலா, உன் வார்த்தையை நான் மனதில் வாங்கிக்கொண்டேன் அம்மா. ஆனால் ஒன்று கேட்கிறேன், எல்லோரும் யோசித்துச் சொல்லுங்கள். 2020-ல் அதே காலப் இன்னொரு கேள்வியும் கேட்டது: உங்கள் பகுதியில் போலீஸ் இப்போது இருப்பதைவிட அதிக நேரம் இருக்க வேண்டுமா, அதே அளவா, குறைவா? கறுப்பினத்தவரில் 81 சதவீதம் பேர் அதே அளவு அல்லது அதிகம் என்றார்கள். குறைவாக வேண்டும் என்றவர்கள் 19 சதவீதம்தான். இவ்வளவு அவமானம் நடந்திருந்தால் ஏன் இந்தப் பதில்? 'போலீஸே வேண்டாம்' என்ற கோஷம் யாருடையது?

நான் எண்பதுகளின் கடைசியில் ஒரு கடையில் இரவு வேலை பார்த்தேன். அந்தத் தெருவில் வாழ்ந்த கறுப்பினப் பாட்டிகள்தான் போலீஸ் ரோந்து வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் எழுந்து நின்று கேட்டார்கள். அவர்கள் பேரன்கள்தான் சுடப்பட்டுக்கொண்டிருந்தார்கள்.

#7 மாறன் (மினியாபொலிஸ்)

ஐயா கேட்டதுதான் இந்த இழையில் முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன். எங்கள் ஊரில் அதற்கு நேரடியாகவே பதில் கிடைத்தது.

ஃபிளாய்ட் இறந்த இடம் என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம். அடுத்த வருடம், 2021 நவம்பரில், போலீஸ் துறையை எடுத்துவிட்டுப் பொதுப் பாதுகாப்புத் துறை என்று புதிதாக ஒன்றை அமைக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது. 56 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். கறுப்பின மக்கள் அதிகம் வாழும் வடக்குப் பக்க வார்டுகளிலும் அது தோற்றது. ஆதரவு அதிகம் வந்தது இளைஞர்களும் மாணவர்களும் வாடகைக்கு இருக்கும் பகுதிகளிலிருந்து.

வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்து, 'பார்த்தாயா, அவர்களுக்கே போலீஸ் மேல் கோபம் இல்லை' என்றார்கள். வடக்குப் பக்கத்தில் நான் பேசிப் பார்த்தவர்கள் சொன்னது வேறு. இரவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டு 911 அவசர எண்ணுக்கு அடித்தால் வண்டி வர நேரமாகிறது. வந்த பிறகு புகார் கொடுத்தவரையே குற்றவாளி மாதிரி நடத்துகிறார்கள். கொலை நடந்தால் துப்பு துலங்குவதில்லை. ஆனால் பின் விளக்கு எரியவில்லை என்றால் உடனே நிறுத்துகிறார்கள். வேண்டாத இடத்தில் மேலே வந்து விழுகிறார்கள், வேண்டிய இடத்தில் காணவில்லை. இரண்டும் ஒரே குடும்பத்துக்கு ஒரே வாரத்தில் நடக்கிறது.

அதனால் 19 சதவீத நம்பிக்கையும் 81 சதவீத எதிர்பார்ப்பும் ஒன்றோடு ஒன்று மோதவில்லை. அவர்களுக்குப் போலீஸ் வேண்டும். இப்போது வருகிற விதத்தில் வேண்டாம். 2023 ஜூனில் நீதித்துறை எங்கள் ஊர் போலீஸைப் பற்றி வெளியிட்ட அறிக்கையில், தேவையில்லாமல் பலத்தைப் பிரயோகித்ததும் கறுப்பின, பூர்வகுடி மக்களிடம் பாகுபாடு காட்டியதும் எழுதப்பட்டிருக்கின்றன. அதைத் தொடர்ந்து வந்திருக்க வேண்டிய கோர்ட் கண்காணிப்பை 2025-ல் புதிய அரசு கைவிட்டது. மாநில மனித உரிமைத் துறையோடு செய்த ஒப்பந்தம் மட்டும் நடக்கிறது. அதுவாவது இருக்கிறதே என்று இருக்கிறோம்.

பாட்டிக்கும் பேரனுக்கும் இடையில் உள்ள வித்தியாசமும் இதனால்தான். இருவருக்கும் பயம் உண்டு. பாட்டி பயப்படுவது பேரனைச் சுடக்கூடிய கும்பலுக்கும் போலீஸுக்கும். பேரனுக்குத் தினமும் எதிரே வருவது போலீஸ்.

#8 குற்றவியல் மாணவன்

மாறன் அண்ணா சொன்னதற்கு ஆதரவாக ஒரு தகவல். 2011-ல் ஏறக்குறைய ஏழு லட்சம் தடவை நிறுத்திய நியூயார்க், அப்படி நிறுத்துவது அரசியல் சட்டத்தை மீறுகிறது என்று 2013-ல் நீதிபதி ஷீரா ஷைண்ட்லின் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு, 2017-ல் பதினோராயிரத்துச் சொச்சமாகக் குறைத்தது. அந்த ஆறு வருடங்களில் கொலைகள் 515-லிருந்து 292-ஆகக் குறைந்தன. நிறுத்தியதைக் குறைத்ததால்தான் கொலை குறைந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் குறைத்தால் நகரம் எரிந்துவிடும் என்று சொன்னவர்களுக்குப் பதில் அதில் இருக்கிறது.

#9 கண்ணம்மா (அலபாமா)

எல்லோரும் கறுப்பு, வெள்ளை என்று பேசுகிறீர்கள். நம்மைப் பற்றியும் பேச வேண்டும். 2020 காலப் கணிப்பில், உங்கள் பகுதிப் போலீஸ் உங்களை மரியாதையாக நடத்தும் என்று மிகவும் நம்புகிறீர்களா என்று கேட்டார்கள். வெள்ளையரில் 56, லத்தீன் மக்களில் 40, ஆசியரில் 24, கறுப்பினத்தவரில் 18 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். ஆசியரின் எண் யாருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நம் விருந்துகளில் பேசுவதைக் கேட்டால், நாம் வெள்ளையரின் வரிசையில் நிற்பதுபோல் இருக்கும்.

நான் இருக்கும் பகுதியிலிருந்து கொஞ்ச தூரத்தில் மேடிசன் என்ற ஊர். 2015 பிப்ரவரியில் குஜராத்திலிருந்து பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த தாத்தா ஒருவர் காலையில் நடக்கப் போனார். வயது 57. தெருவில் ஒருவர் போலீஸைக் கூப்பிட்டு, ஒல்லியான கறுப்பு ஆள் ஒருவன் சுற்றுகிறான் என்றார். போலீஸ் வந்தது. ஆங்கிலம் தெரியாது, இந்தியா, நடக்கிறேன் என்று அவர் சொல்ல முயன்றார். ஓர் அதிகாரி அவரைத் தூக்கித் தரையில் அடித்தார். முதுகெலும்பில் அடிபட்டு உடலின் ஒரு பகுதி செயலிழந்தது. காரில் இருந்த கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. இரண்டு முறை ஜூரி முடிவுக்கு வர முடியாமல் கலைந்தது. பிறகு நீதிபதி அந்த அதிகாரியை விடுவித்தார்.

அன்றைக்குப் பிறகு என் மாமனார் இங்கே வரும்போதெல்லாம் அவர் சட்டைப் பையில் எங்கள் முகவரியும் என் கணவர் போன் நம்பரும் எழுதிய அட்டை ஒன்றை வைத்து அனுப்புகிறேன். அவர் அதைப் பற்றிக் கேட்டதில்லை. கருத்துக்கணிப்பில் அவரைப் போன்றவர்களிடம் யாரும் கேட்கப் போவதும் இல்லை.

#10 வதனி (ஸ்கார்பரோ, டொரொன்டோ)

கனடாவிலிருந்து எழுதுகிறேன், பொருந்தினால் எடுத்துக்கொள்ளுங்கோ. தொண்ணூறுகளின் கடைசியில் எங்கட பொடியன்கள் நாலு பேர் சேர்ந்து பிளாசா வாசலில் நின்றாலே போலீஸ் வந்து பெயரும் முகவரியும் எழுதிக்கொண்டு போகும். கும்பல் சண்டைகள் அந்த நேரம் உண்மையாகவே இருந்தன, சாவுகளும் இருந்தன. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் எந்தக் கும்பலிலும் இல்லாத பொடியனின் பெயரும் அந்தப் புத்தகத்தில் ஏறியது. எங்கட அம்மாமார் ஒரு இராணுவத்தின் சோதனைச் சாவடிகளைக் கடந்து வந்தவர்கள். பிள்ளையை ஓரமாக நிறுத்தி அடையாள அட்டை கேட்பதைக் கண்டால் அவர்களுக்கு என்ன ஞாபகம் வந்திருக்கும்?

இந்தப் பெயர் எழுதும் வழக்கத்தில் அதிகம் அடிபட்டது கறுப்பினப் பிள்ளைகள். 2017-ல் ஒன்டாரியோ அதற்குக் கட்டுப்பாடு கொண்டு வந்தது. 2022-ல் டொரொன்டோ போலீஸ் தலைவரே தங்கட ஆட்கள் பலம் பிரயோகித்தது பற்றிய தரவுகளை வெளியிட்டுக் கறுப்பின மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். கேட்டது போதுமா என்பது வேறு கதை. ஆனால் தரவைத் தாங்களே வெளியிட்டது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது. இளவழுதி அண்ணை, உங்கட ஊர் போலீஸ் யாரை எத்தனை தரம் நிறுத்துகிறது என்ற கணக்கை வெளியிடுமா? அந்தக் கணக்கு இல்லாமல் கருத்தை மட்டும் கேட்டு என்ன செய்யலாம்?

#11 மதுரைக்காரன்

நம் ஊரிலேயே 'போலீஸ் ஸ்டேஷன் படி ஏறாதே' என்று சொல்லித்தான் வளர்க்கிறார்கள். ஃபிளாய்ட் இறந்த அடுத்த மாதமே சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தார்கள். அதனால் இங்கே வரும் நம் ஆட்கள் அமெரிக்கப் போலீஸைப் பார்த்து, லஞ்சம் கேட்கவில்லை, 'சார்' என்கிறார்கள், அதுவே போதும் என்று நினைக்கிறோம். இங்கேயே பிறந்த நம் பிள்ளைகளுக்கு அந்த ஒப்பீடு கிடையாது. நம் வீடுகளுக்குள் இருக்கும் வயது இடைவெளிக்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு சந்தேகம். அந்தந்த இனத்து ஆட்களையே போலீஸில் சேர்த்தால் பிரச்சினை குறையாதா?

#12 சுந்தரி (செயின்ட் லூயிஸ்)

கொஞ்சம் குறையும், ஆனால் அதோடு முடியாது. சிகாகோவில் அதிகாரிகளின் பதிவுகளை வைத்துச் செய்த ஆய்வு 2021-ல் வந்தது. ஒரே பகுதி, ஒரே நேரம், ஒரே மாதிரி வேலை என்று வைத்து ஒப்பிட்டால், கறுப்பின அதிகாரிகள் வெள்ளை அதிகாரிகளைவிடக் குறைவாக நிறுத்துகிறார்கள், குறைவாகப் பலம் பிரயோகிக்கிறார்கள். முக்கியமாகச் சின்னச் சின்ன விஷயங்களுக்குக் கறுப்பினத்தவரை நிறுத்துவது குறைகிறது. அதனால் ஆள் எடுப்பது முக்கியம்தான்.

மறுபக்கம், 2023 ஜனவரியில் மெம்ஃபிஸில் டயர் நிக்கோல்ஸ் என்ற கறுப்பின இளைஞர் போலீஸிடம் அடிபட்டு இறந்த வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட ஐந்து அதிகாரிகளும் கறுப்பினத்தவர். அவர்கள் இருந்தது ஒரு சிறப்புப் படை. குற்றம் அதிகமுள்ள தெருக்களில் வண்டிகளை நிறுத்தி நிறுத்திப் பிடிப்பதுதான் அதற்குக் கொடுத்த வேலை. வேலையை அப்படி அமைத்தால், யாரை உள்ளே போட்டாலும் அந்த வேலையைத்தான் செய்வார்கள்.

#13 பழனியப்பன் (நியூஜெர்சி)

சுந்தரி கடைசியாகச் சொன்னதோடு நான் முழுக்க ஒத்துப்போகிறேன். எங்கள் மாநிலத்தில் கேம்டன் இருக்கிறது. முக்கால் லட்சம் பேர் வாழும் ஏழை ஊர். 2012-ல் 67 கொலைகள். 2013-ல் நகரப் போலீஸ் துறையை மொத்தமாகக் கலைத்துவிட்டு கவுன்டி (மாவட்டம் மாதிரி) போலீஸாக மறுபடி அமைத்தார்கள். முதலில் அவர்களும் எதற்கெடுத்தாலும் டிக்கெட் எழுதினார்கள், மக்கள் கொதித்தார்கள். பிறகு அதை மாற்றி, நடந்து ரோந்து போவது, கதவைத் தட்டி அறிமுகம் செய்துகொள்வது, பலம் பிரயோகிப்பதைக் கடைசி வழியாக வைப்பது என்று விதிகளைத் திருத்தினார்கள். சில வருடங்களிலேயே கொலைகள் பாதிக்கும் கீழே வந்தன. ஊர் சொர்க்கமாகிவிடவில்லை. ஆனால் 2020-ல் நாடே கொந்தளித்தபோது கேம்டனில் போலீஸ் தலைவர் ஊர்வலத்தில் மக்களோடு நடந்தார்.

அதனால்தான் சொல்கிறேன், போலீஸை எதிரியாக வைத்துப் பேசிப் பயனில்லை. நல்ல அதிகாரிகளுக்கு இந்த அவநம்பிக்கை பெரிய பாரம். சாட்சி சொல்ல ஆள் வராவிட்டால் கொலைகாரன் தெருவில் நடமாடுகிறான்.

#14 குற்றவியல் மாணவன்

ஐயா சொன்ன கதவைத் தட்டும் விஷயத்தைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கனெக்டிகட்டில் நியூ ஹேவன் போலீஸ், குலுக்கலில் தேர்ந்தெடுத்த வீடுகளுக்குப் போய்ப் பத்து நிமிடம் பேசிவிட்டு, செல் நம்பர் எழுதிய அட்டையைக் கொடுத்து வந்தார்கள். புகாரும் இல்லை, விசாரணையும் இல்லை. மூன்று நாள் கழித்தும் இருபத்தொரு நாள் கழித்தும் கேட்டபோது அந்த வீடுகளில் போலீஸ் மேல் எண்ணம் நல்லவிதமாக மாறியிருந்தது. அதிகம் மாறியது கறுப்பினத்தவரிடமும், முதலில் மிகக் கசப்பாக இருந்தவர்களிடமும். 2019-ல் வெளியானது.

என் பார்வையில் இதன் அர்த்தம், அவநம்பிக்கை பிறவிக் குணம் மாதிரி ஒட்டிக்கொண்டிருப்பதில்லை என்பது. நடத்தை மாறினால் அதுவும் மாறும். ஆனால் திங்கட்கிழமை கதவைத் தட்டிச் சிரித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை அதே வீட்டுப் பையனைக் காரணமில்லாமல் நிறுத்தினால், ஸ்கோகன் காட்டிய நாலு மடங்கும் பதினாலு மடங்கும் வேலை செய்யத் தொடங்கிவிடும்.

#15 நிலா (பிராங்க்ஸ், நியூயார்க்)

இதோடு இன்னொன்று. இளைஞர்களின் பதில் வேண்டும் என்றால் 16 வயதிலிருந்தே கேளுங்கள். பெரும்பாலான ஊர்க் கணிப்புகள் 18-லிருந்து தொடங்குகின்றன. போலீஸை முதல் தடவை எதிரில் பார்க்கும் வயது அதற்கு முன்பே வந்துவிடுகிறது. பெற்றோர் அனுமதி, பள்ளியின் ஒத்துழைப்பு எல்லாம் தேவைப்படும். அந்த சிரமத்துக்காக விட்டுவிட்டால், கேட்க வேண்டியவர்களைக் கேட்காமல் விட்டதாகிவிடும்.

#16 இளவழுதி (வட கரோலினா)

இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. வியாழக்கிழமை குழுக் கூட்டத்துக்கு நான் கொண்டு போகப் போவதை எழுதுகிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்.

'நீங்கள் போலீஸில் திருப்தியா' என்ற ஒற்றைக் கேள்வியை எடுத்துவிடச் சொல்லப் போகிறேன். அதற்குப் பதில் தனித்தனியாக: கடந்த ஒரு வருடத்தில் உங்களையோ உங்கள் வீட்டில் உள்ளவரையோ நெருங்கிய நண்பரையோ போலீஸ் நிறுத்தியதா? ஏன் நிறுத்தினோம் என்று சொன்னார்களா? உங்கள் பக்கத்தைச் சொல்ல விட்டார்களா? மரியாதையாகப் பேசினார்களா? சுந்தரி சொன்னதால்தான் 'வீட்டில் உள்ளவர்' என்பதைச் சேர்த்தேன். அப்புறம் மாறன் சொன்னதிலிருந்து: நீங்கள் கூப்பிட்டபோது வந்தார்களா, எவ்வளவு நேரத்தில், வந்து என்ன செய்தார்கள்? போலீஸ் உங்கள் தெருவில் அதிகம் வேண்டுமா என்று கேட்டால், அதன் கீழேயே என்ன வேலைக்காக வேண்டும் என்றும் கேட்க வேண்டும்.

தபால் படிவத்தோடு நிறுத்தாமல் முடிதிருத்தும் கடை, லாண்ட்ரி, கறுப்பினத் தேவாலயங்கள், கம்யூனிட்டி காலேஜ் என்று நேரில் போய்க் கேட்க ஆள் ஏற்பாடு செய்கிறோம். ஸ்பானிஷிலும் இருக்கும். கண்ணம்மா எழுதியதைப் படித்த பிறகு, ஊரில் இருக்கும் இந்தியப் பெற்றோர்களுக்காக தமிழ், தெலுங்கு, குஜராத்தியிலும் வேண்டும் என்று கேட்கப் போகிறேன். நிலா சொன்ன 16 வயதுக்குக் குழுவில் எதிர்ப்பு வரும், அதற்காக வாதாடுவேன். வதனி கேட்ட ஸ்டாப் கணக்கு எங்கள் மாநிலத்தில் சட்டப்படி ஏற்கெனவே சேகரிக்கப்படுகிறது. அதைக் கணிப்பு முடிவோடு ஒரே அறிக்கையில் வைக்கச் சொல்வேன்.

#17 மாறன் (மினியாபொலிஸ்)

ஒரு கேள்வி விடுபட்டிருக்கிறது. 'கடந்த ஒரு வருடத்தில் போலீஸ் தேவைப்பட்டும் கூப்பிடாமல் விட்டீர்களா? ஏன்?' எங்கள் ஊரில் இதைக் கேட்டிருந்தால் பல விஷயம் முன்பே தெரிந்திருக்கும். கூப்பிடாதவர்கள் எந்தப் பதிவிலும் வருவதில்லை. அவர்கள் இருக்கும் தெருவில் புகார் குறைவு என்று சொல்லி, அமைதியான பகுதி என்று எழுதிவிடுவார்கள்.

#18 குற்றவியல் மாணவன்

மாறன் அண்ணா சொன்ன கேள்வியைக் கண்டிப்பாகச் சேருங்கள். இன்னும் ஒன்று, கேள்விகளைவிட இது முக்கியம். முடிவுகளை வயது வாரியாகவும் இன வாரியாகவும், இரண்டையும் சேர்த்தும் (உதாரணமாக 30-க்குக் கீழான கறுப்பின ஆண்கள், 60-க்கு மேலான கறுப்பினப் பெண்கள்) பிரித்து வெளியிடுவோம் என்று கணிப்பு தொடங்கும் முன்பே கவுன்சிலிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். பதில் வந்த பிறகு கேட்டால், எண்ணிக்கை சிறியது, நம்பகமில்லை என்று சொல்லிச் சராசரியை மட்டும் வெளியிட்டுவிட வாய்ப்பு இருக்கிறது. அதைத் தடுக்க, அந்தப் பிரிவுகளில் வேண்டுமென்றே கூடுதலான ஆட்களிடம் கேட்டு, மொத்தக் கணக்கில் மட்டும் அவர்கள் பதில்களுக்கு ஊர் மக்கள்தொகையில் அவர்களுக்குள்ள பங்கின் அளவே எடை கொடுக்கலாம். எப்படிச் செய்வது என்று தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

#19 பழனியப்பன் (நியூஜெர்சி)

போலீஸ்காரர்களிடமும் கேள்வி கேளுங்கள் தம்பி. ஊர் மக்கள் தங்களை எப்படி நினைக்கிறார்கள் என்று அவர்கள் நினைக்கிறார்கள், வேலையில் எதற்கு மேலதிகாரி பாராட்டுகிறார், எத்தனை டிக்கெட் என்று யாராவது கணக்குக் கேட்கிறார்களா என்று. பெயர் இல்லாமல் எழுதித் தரட்டும். ஃபர்கூசன் மாதிரி மேலேயிருந்து வசூல் நெருக்கடி வந்தால் முதலில் தெரிவது அவர்களுக்குத்தான்.

#20 இளவழுதி (வட கரோலினா)

இரண்டையும் சேர்த்துக்கொண்டேன், ஐயா சொன்னதையும். போலீஸ் தலைவர் வியாழக்கிழமை கூட்டத்துக்கு வருகிறார். டிக்கெட் கணக்கு பற்றிய கேள்வியை அவர் முன்னால் நானே வாசிக்கிறேன். என்ன சொன்னார் என்று இங்கேயே எழுதுகிறேன்.